பென்ஸ் குடும்பத்தின் தடங்கள்



மகிழுந்து என்னும் இனிய சொல்லை நாம் ஆக்கி வழங்குகிறோம். அச்சொல் குறிக்கும் பொருள் எப்போது பிறந்தது என வினவினால், பலரும் ஓர் ஆவணத்தையே காட்டுவர். 1886 சனவரி 29ஆம் நாள் கார்ல் பென்ஸ் பதிவு செய்த 37435ஆம் எண் காப்புரிமை அது. 2011இல் யுனெஸ்கோ அதனை உலக நினைவகப் பதிவேட்டில் சேர்த்தது. ஆவணத்தில் இருப்பது ஒருவர் பெயரே. ஆயின், செருமனியின் தென்மேற்கில் அக்குடும்பம் வாழ்ந்த ஊர்களின் வழியே சென்றால், அவருடைய துணைவியார் பெர்த்தா அம்மையாரின் பெயரையும் ஊர்தோறும் சந்திக்கிறோம். அவரை விடுத்து இவ்வரலாற்றை எழுதுதல் பிழை என்பதே நம் துணிபு.

முதலில் மன்ஹைம். அந்நகரின் நடுப்பகுதியில் தெருப்பெயருக்கு மாற்றாகக் கட்டங்களுக்கு எழுத்தும் எண்ணுமே முகவரி. அத்தகைய கட்டம் ஒன்றில் 1871இல் கார்ல் ஒரு கூட்டாளியுடன் பட்டறை தொடங்கினார். கூட்டு கசந்தது. கூட்டாளியின் பங்கை மீட்கப் பணம் தந்தவர் பெர்த்தா. திருமணத்துக்கு முன்பே தம் சீதனத்தைக் கேட்டுப் பெற்று அளித்தார். மறுஆண்டில்தான் மணம் நிகழ்ந்தது. 1879ஆம் ஆண்டின் கடைசி இரவில், பலமுறை தோற்ற இயந்திரம் அப்பட்டறையில் ஓடத் தொடங்கியபோதும் அவர் உடனிருந்தார்.

காப்புரிமை கிடைத்தும் வண்டியை வாங்குவார் அரிதாகவே இருந்தனர். 1888 ஆகத்து மாதம், கணவருக்கு முன்கூட்டிச் சொல்லாமல், பெர்த்தா தம் மக்கள் ஆய்கன், ரிச்சர்ட் இருவருடனும் அவ்வண்டியில் புறப்பட்டார். சேரிடம் தாம் பிறந்த ஃபோர்ட்ஸ்ஹைம். தொலைவு நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். மூத்தவனுக்கு வயது பதினைந்து, இளையவனுக்குப் பதின்மூன்று. ஏற்றங்களில் மைந்தர் இறங்கித் தள்ளினர். எரிபொருட்குழாய் அடைத்தபோது தொப்பி ஊசியால் அதனை நீக்கினார் என்பர். தடைக்கட்டை தேய்ந்தபோது செருப்புத் தைப்பவர் ஒருவரைக் கொண்டு தோல் பொருத்தச் செய்தார். எரிபொருள் தீர்ந்தது வீஸ்லொக்கில். கறை நீக்கும் லிக்ரோயின் என்னும் திரவம் அந்நாளில் மருந்துக்கடையில்தான் கிடைக்கும். அங்கே வாங்கி ஊற்றினார். உலகின் முதல் எரிபொருள் நிலையம் என அம்மருந்தகம் இன்றும் பெருமை கொள்கிறது. (மருந்தகம் பெட்ரோல் விற்றது என்பதை நம் இளையோர் நம்பத் தயங்குவர்!) வந்து சேர்ந்ததும் கணவருக்குத் தந்தி அடித்தார். ஏற்றம் ஏற வண்டிக்கு மற்றொரு பல்லிணைப்பு வேண்டும் என அவர் சொன்னதைக் கார்ல் ஏற்றுச் செய்தார். ஓட்டுநரே குறை கண்டு கூற, வடிவமைப்பாளர் திருத்திய அந்நிகழ்ச்சியைப் பயணத்தின் உண்மைப் பயனாக நாம் கொள்கிறோம். அவ்வழி 2008 முதல் பெர்த்தா பென்ஸ் நினைவுத் தடம் எனப் போற்றப்படுகிறது.

இறுதித் தடம் லாடன்பர்க். 1906இல் அக்குடும்பம் அங்கே தொடங்கிய தொழிற்கூடம் இன்று அருங்காட்சியகம். அருகே அவர்கள் வாழ்ந்த இல்லத்தின் தோட்டத்தில், கோபுர வடிவில் வண்டிக் கொட்டகை ஒன்று நிற்கிறது. கார்ல் 1929இல் அவ்வூரிலேயே மறைந்தார். பெர்த்தாவுக்குத் தொண்ணூற்றைந்து வயது நிறைந்த 1944 மே 3ஆம் நாள், கார்ல் பயின்ற கார்ல்ஸ்ரூ தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் அவருக்கு மதிப்புறு செனட் உறுப்பினர் பெருமையை அளித்தது. இரண்டே நாளில் அவர் கண் மூடினார்.