கண்காட்சிக் கடையும் கைபேசி வியாபாரமும்

உத்திரமேரூர் என்றதும் குடவோலை முறை நினைவுக்கு வருவது இயல்பே. முதலாம் பராந்தக சோழனின் ஆட்சியில் 919-லும் 921-லும் பொறிக்கப்பட்டு, இன்றும் எங்கள் ஊர் வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவரில் விளங்கும் அந்தச் சாசனங்களில், ஏரி வாரியத்தோடும் தோட்ட வாரியத்தோடும் பொன் வாரியம் என்ற ஒரு குழுவும் குறிக்கப்பட்டிருக்கிறது. கைமாறும் பொன்னின் மாற்றைச் சோதித்துச் சொல்வது அக்குழுவின் கடமை. ஒருவரையொருவர் அறியாதவர்களுக்குள்ளே கொடுக்கல் வாங்கல் நடைபெற வேண்டுமானால், இருவரும் ஒப்புக்கொள்ளத்தக்க பரிசோதனை ஒன்று நடுவிலே இருந்தாக வேண்டும் என்பதை அக்காலத்துச் சபையார் நன்கு உணர்ந்திருந்தார்கள்.

இன்றைக்குத் திருப்புலிவனத்திலோ மானாம்பதியிலோ சாலவாக்கத்திலோ தம் வீட்டு மொட்டை மாடியில் வற்றலும் வடகமும் காயவைத்து, மரச்செக்கில் ஆட்டிய கடலை எண்ணெயைப் புட்டியில் நிரப்பி, அவற்றைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் போட்டு விற்க முயலும் ஒரு பெண்மணிக்கு வாய்க்காதது அந்தப் பரிசோதனைதான். பணம் அனுப்பும் சிரமம் 2016-ல் வந்த யுபிஐ முறையினால் பெரும்பாலும் நீங்கிவிட்டது. சரக்கைக் கொண்டுபோய்ச் சேர்க்கத் தபாலாபீசும் கூரியரும் இருக்கின்றன. 2023 அக்டோபர் 1 முதல், வரம்புக்கு உட்பட்ட சிறு வியாபாரிகள் ஜிஎஸ்டி பதிவு இல்லாமலே, சேர்க்கை எண் ஒன்றை மட்டும் பெற்றுக்கொண்டு, பெரிய இணைய அங்காடிகளின் வழியாகத் தம் மாநிலத்துக்குள் விற்கவும் இடமுண்டு. இத்தனை வசதிகள் இருந்தும், சென்னை அண்ணாநகரில் வசிக்கும் ஒருவர், முகமறியாத ஒருவரிடம், முகர்ந்து பாராத எண்ணெய்க்கு முன்பணம் அனுப்பத் தயங்கினால் அவரைக் குறை சொல்ல முடியுமா? அந்தத் தயக்கத்தைப் போக்கும் இடம் என்றே கண்காட்சியை நான் மதிக்கிறேன். அங்கே கடை போடுவதன் பிரயோஜனம் கொண்டுபோன சரக்கு தீர்ந்துபோவதில் இல்லை. தொட்டும் முகர்ந்தும் பார்த்தவர்கள் வீடு திரும்பிய பிறகு மறுபடி கேட்டு அனுப்புவதிலேதான் இருக்கிறது.

1851-ல் லண்டன் மாநகரில் கண்ணாடியாலும் இரும்பாலும் எழுப்பிய மாளிகையில் நடந்த மாபெரும் கண்காட்சியை ஏறத்தாழ 60 லட்சம் பேர் கண்டார்கள். அங்கே பொருள்களின்மேல் விலைச்சீட்டு வைக்கக் கூடாது என்பது விதி. வந்தவர்கள் பார்த்தார்கள், வினவினார்கள், பெயரைக் குறித்துக்கொண்டார்கள். வியாபாரம் பின்னால் வந்தது. நான்கு ஆண்டுகள் கழித்து, 1855-ல், சென்னைப் பட்டணத்திலும் தென்னாட்டுக் கைத்தொழிற் பொருள்களுக்கு ஒரு கண்காட்சி நடந்தது. விலைச்சீட்டு வைக்காமல் இருக்க நம்மவர்களால் இன்று இயலாது. பஸ் கட்டணமும் சாப்பாட்டுச் செலவும் அன்றன்றைய விற்பனையில் வந்தாக வேண்டும். ஆயினும் அந்தப் பழைய ஏற்பாட்டின் உட்கருத்து நமக்கு உதவக்கூடியதே.

நம் பக்கத்துப் பெண்களுக்கு இத்தகைய சந்தர்ப்பங்கள் இல்லாமற் போகவில்லை. மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகம் 1999 முதல் நடத்திவரும் சரஸ் கண்காட்சிகள் இருக்கின்றன. டில்லியில் ஆண்டுதோறும் நவம்பர் 14-ல் தொடங்கும் சர்வதேச வர்த்தகக் கண்காட்சி இருக்கிறது. சென்னை நுங்கம்பாக்கத்தில் அன்னை தெரசா மகளிர் வளாகத்தில் தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் நவராத்திரியை ஒட்டி நடத்தும் கண்காட்சி, எங்களுக்கு எல்லாவற்றிலும் கிட்டத்தில் உள்ளது. காஞ்சிபுரத்துக் காகிதக்கூழ்ப் பொம்மைகளைப் போன்ற பொருள்களுக்கு அதைவிடச் சிறந்த காலமும் இல்லை.

அத்தகைய கண்காட்சி ஒன்றில் வந்தவாசிப் பக்கத்து மகளிர் சுய உதவிக் குழு ஒன்று கோரைப்பாய்க் கடை போட்டிருந்தது. நகரத்து அம்மையார் ஒருவர் சிவப்புக் கரையிட்ட பாய் ஒன்றை விரித்து, ஓரத் தையலை விரலால் நெருடிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, தண்ணி பட்டா சாயம் போகுமா?" என்று கேட்டார். கடையில் இருந்த பெண் வாயால் பதில் சொல்லவில்லை. வெள்ளைத் துணி ஒன்றைத் தண்ணீரில் நனைத்து அந்தச் சிவப்புக் கரையை அழுத்தித் தேய்த்து, துணியை அவர் முன்னே நீட்டினாள். மெல்லிய ரோஜா நிறம் அதில் படிந்திருந்தது. "லேசா ஒட்டும்மா. மொதல்ல ரெண்டு தடவ ஈரத்துணியால தொடச்சிடுங்க, அப்புறம் ஒட்டாது" என்றாள். அம்மையார் பாயின்மேல் உட்கார்ந்தே பார்த்தார், இரண்டு வாங்கினார், போகும்போது போன் நம்பரையும் தாமாகவே கேட்டு எழுதிக்கொண்டார். அந்த நனைந்த துணி செய்த வேலையை எந்தப் படத்தாலும் செய்திருக்க முடியாதென்பது என் திடமான அபிப்பிராயம்.

அந்தக் கடையில் வேறொன்றும் கவனித்தேன். கூரியர்காரர்கள் எடையை மட்டும் பாராமல் பொதியின் நீள அகல உயரத்தையும் கணக்கிட்டுக் கட்டணம் விதிப்பதால், ஆறடிப் பாயைச் சுருட்டி அனுப்பினால் கூலி பாயின் விலையை எட்டிப்பிடித்துவிடும். ஆகையால் அவர்கள் பாயைக் கண்காட்சியிலேயே கையோடு கொடுத்துவிட்டு, அதே கோரையில் அதே சாயத்தில் செய்த தடுக்குகளையும் கைப்பைகளையும் தபாலில் அனுப்பும் சரக்காக வைத்திருந்தார்கள். பாயைத் தொட்டுப் பார்த்தவருக்குத் தடுக்கைப் பற்றிச் சந்தேகம் எழாது. இது மிகுந்த யுக்தியான காரியம்.

கடைக்கு யாரை அனுப்புவது என்பதிலும் சிரத்தை வேண்டும். சம்பளத்துக்கு நிறுத்திய ஆளால் சாயத்தைப் பற்றிய அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது. செய்தவரே நிற்க வேண்டும். விலை கண்காட்சியில் ஒன்று, கைபேசியில் ஒன்று என்றிருக்கலாகாது. தபாற் கூலியைத் தனியாகக் காட்டிவிடுவதே நேர்மை. கடைசி நாள் மாலையில் பாதி விலைக்குக் கொட்டிவிடும் வழக்கத்தை நான் அடியோடு வெறுக்கிறேன். முதல் நாள் முழு விலை கொடுத்து வாங்கியவர் அதைக் கேள்விப்பட்டால் அப்புறம் நம்மிடம் எதற்காக வருவார்? தின்பண்டமானால் உணவுப் பாதுகாப்புத் துறையின் 14 இலக்க எண் உறையின்மேல் இருக்கட்டும். வாங்கியவர் சம்மதித்தால், அவர் பெயரையும் எண்ணையும் என்ன வாங்கினார் என்பதையும் ஒரு நோட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். பாய் வாங்கியவருக்கு ஊறுகாய்ப் படத்தை அனுப்பிக்கொண்டிருந்தால் அவர் நம் எண்ணையே தடுத்துவிடுவார்.

குழுவில் உள்ளவர்கள் கடை கேட்டு எழுத விரும்பினால், ஒன்றிய அளவில் உள்ள வட்டார இயக்க மேலாண்மை அலகிலோ, காஞ்சிபுரத்தில் மகளிர் திட்ட அலுவலகத்திலோ முன்கூட்டியே மாதிரிப் பொருளுடன் போய் விசாரிக்கலாம். வடகம் இடுபவர்கள் மட்டும் ஒரு கணக்கை இப்போதே போட்டுவிட வேண்டும். வடகம் காய்வது சித்திரை, வைகாசி வெயிலில். நவராத்திரிக் கண்காட்சி வருவது புரட்டாசியில். அங்கே ருசி கண்டவர்கள் கேட்டு எழுதுவது ஐப்பசி, கார்த்திகை மழையில். அந்த மழையில் புதிதாக ஒன்றும் காயவைக்க முடியாது. ஆகையால் கோடையில் இட்டதில் மூன்றில் ஒரு பங்கையாவது கண்காட்சிக்குக் கொண்டுபோகாமல், காற்றுப் புகாத டப்பாவில் அடைத்து வீட்டிலேயே வைத்துவிட்டுப் புறப்படுங்கள்.