முகத்துல பூசுற விஷம் – மகளிர் அணிக் கூட்டத்தில் ஆற்றிய உரை

மகளிர் அணி ஆலோசனைக் கூட்டத்தில் நமது மாவட்டத் துணைச் செயலாளர் ஆற்றிய உரை. முழுவதும் படித்துவிட்டு, வீட்டில் இருக்கும் பெண்களுக்கும் அனுப்புங்கள்.



"க்ரீம், ஹேர் டை பத்தியெல்லாம் கட்சிக் கூட்டத்துல பேசணுமா?"ன்னு வர்ற வழியில ஒரு தம்பி கேட்டாரு. பேசணும் தம்பி. இது அலங்காரம் பத்தின பேச்சு இல்ல, சிறுநீரகம் பத்தின பேச்சு.

பக்கத்து மாநிலத்துல, மலப்புரம் மாவட்டம் கோட்டக்கல்ல நடந்ததைச் சொல்றேன். 2021 முதல் 2023 வரை அங்கே ஒரு மருத்துவமனைக்கு ஒரே வகை சிறுநீரக நோயோட 22 பேர் வந்தாங்க. சிறுநீர் நுரைக்குது, கால் வீங்குது, சிறுநீர்ல புரதம் வெளியேறுது. அதுல 15 பேருக்கு, சாதாரணமா அவ்வளவா பார்க்க முடியாத ஒரு வகை. மருத்துவர்கள் துருவித் துருவி விசாரிச்சாங்க. 15 பேர்ல 13 பேர் சொன்ன பதில் ஒண்ணுதான்: "முகம் வெளுக்க க்ரீம் போட்டேன்." இது 2024ல் மருத்துவ ஆய்விதழிலேயே வந்தாச்சு. கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையும் சும்மா இருக்கல. 'ஆபரேஷன் சௌந்தர்யா'ன்னு பேர் வெச்சு 2023ல் கடை கடையாச் சோதனை போட்டாங்க.

காரணம் பாதரசம். தோலுக்கு நிறம் கொடுக்குற மெலனின் உருவாகுறதை அது தடுக்குது. அதனாலதான் பத்து நாள்ல "பளிச்"னு தெரியுது. ஆனா அது தோல் வழியா ரத்தத்துல கலந்து சிறுநீரகத்துல போய்த் தங்கிடும். பூசிக்கிட்டவங்களோட போறதும் இல்ல. அம்மா கன்னத்தோட கன்னம் வெச்சுத் தூங்குற குழந்தைக்கும் ஒட்டும். தலையணை உறை, துண்டு, எல்லாத்துலயும் இருக்கும்.

பாதரசம்னா என்னன்னு தமிழ்நாட்டுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்ல. கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலை 2001ல் மூடினதும், அந்தத் தொழிலாளர்கள் எத்தனை வருஷம் போராடினாங்கங்கிறதும் நமக்குத் தெரியும்.

சட்டம் இல்லையான்னா, இருக்கு. 1940ஆம் ஆண்டு மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டம் இருக்கு. அதன் கீழ் 2020ல் தனி விதிகளே வந்தது. கண் பகுதிக்கான பொருட்களைத் தவிர மத்ததுல, தெரியாமக் கலந்த பாதரசம்கூட பத்து லட்சத்துல ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. வேணும்னே சேர்க்குறதுக்கு இடமே கிடையாது. மினமாட்டா ஒப்பந்தத்தை இந்தியா 2018லேயே ஏத்துக்கிச்சு. பாதரசம் சேர்த்த அழகுசாதனப் பொருள் எதுவுமே 2025க்கு மேல இருக்கக் கூடாதுன்னு அந்த ஒப்பந்த நாடுகள் 2023ல் முடிவும் எடுத்தாங்க.

ஓட்டை எங்கேன்னு கேளுங்க. தயாரிக்க உரிமம் வேணும், இறக்குமதி செய்யப் பதிவு வேணும். ஆனா மருந்துக்கடைக்கு இருக்குற மாதிரி, க்ரீம் விக்கிற கடைக்கு மருந்துத் துறையோட விற்பனை உரிமம் தேவையில்ல. ஃபேன்சி ஸ்டோர், பார்லர், செல்போன்ல ஆர்டர் எடுத்து கூரியர்ல அனுப்புறவங்க, யார் வேணும்னாலும் விக்கலாம். தயாரிச்சவர் பேரே இல்லாத டப்பாவை "ஃபாரின் க்ரீம்"னு கல்லாவுக்குக் கீழே இருந்து எடுத்துத் தர்றாங்க. அதை யார் வந்து பார்க்குறது? மாத்திரை, ஊசி மருந்தைப் பார்க்கவே நேரம் போதாத அதே மருந்து ஆய்வாளர்தான்.

ஹேர் டை கதை வேற. பாராபினைலீன்டையமின்னு ஒரு ரசாயனம். சிலருக்கு முகமே வீங்கிப் போகும். "புருவத்துக்கும் இமைக்கும் பூசாதே, பார்வை போகலாம், முதல்ல தோல்ல கொஞ்சம் தடவி 24 மணி நேரம் பார்"ங்கிற எச்சரிக்கையை ஆங்கிலத்துலயும் உள்ளூர் மொழியிலயும் அச்சடிக்கணும்னு விதியே இருக்கு. உள்ளூர் மொழின்னா இங்கே தமிழ்! வீட்டுல இருக்குற பாக்கெட்டை எடுத்துப் பாருங்க, தமிழ் இருக்கா, இருந்தாலும் கண்ணுக்குத் தெரியுற அளவுல இருக்கான்னு. மொழிக்காகச் சிறை போன மண்ணு இது. பெண்ணோட கண்ணைக் காப்பாத்துற நாலு வரி தமிழ்ல வேணும்னு கேட்குறதும் மொழிப் பிரச்சினைதான்.

அஞ்சு நிமிஷத்துல கறுக்குற மருதாணி மருதாணியே இல்ல. நம்ம இலை சிவக்கும், கறுக்காது. கறுத்தா உள்ளே அந்தச் சாயம் இருக்குன்னு சந்தேகப்படுங்க.

பார்லர்ல வேலை பார்க்குற தங்கச்சிகளை நான் குற்றம் சொல்ல வரல. சுய உதவிக் குழுக் கடன்ல கடை போட்டவங்க அவங்க. முடியை நேராக்குற சில கலவைகளைச் சூடு பண்ணும்போது ஃபார்மால்டிஹைடு ஆவி வருது. அது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும்னு உலக சுகாதார அமைப்போட ஆய்வு முகமையே சொல்லியிருக்கு. வாடிக்கையாளர் வருஷத்துக்கு ஒரு தடவை மூச்சுல இழுக்குறதை இந்தப் பொண்ணு தினமும் இழுக்குது, ஏசி போட்டு மூடின அறையில. கட்டுப்பாடு கேட்டா "சின்னக் கடைக்காரங்களைக் கெடுக்குறீங்க"ன்னு சொல்றாங்க. முதல்ல பாதிக்கப்படுறதே அவங்கதாங்க.

நம்ம கோரிக்கை இதுதான். மாவட்டந்தோறும் கடைகள்லயும் இணையத்துலயும் வாங்கின க்ரீம்களைச் சோதிச்சு, முடிவைப் பேரோட வெளியிடணும். மருந்து ஆய்வாளர் காலியிடங்களை நிரப்பணும். இணையத்துல விக்க இடம் கொடுக்குற நிறுவனமும் பதில் சொல்லணும். பார்லர்ல காற்றோட்டம் கட்டாயமாகணும்.

அரசு செய்யுற வரைக்கும் கையைக் கட்டிக்கிட்டு இருக்க வேண்டாம். சட்டத்தோட 26ஆவது பிரிவுப்படி, நீங்க வாங்கின க்ரீமை நீங்களே கட்டணம் கட்டி அரசுப் பகுப்பாய்வாளர்கிட்ட சோதனைக்குக் கொடுக்கலாம். அறிக்கை கேட்டு வாங்கலாம். இது நிறைய பேருக்குத் தெரியாது. வாங்குறப்போ தயாரிப்பாளர் முகவரி, உரிம எண், தொகுதி எண், காலாவதித் தேதி பாருங்க. வெளிநாட்டுச் சரக்குன்னா இறக்குமதிப் பதிவு எண். இல்லாததைத் திருப்பிக் கொடுங்க, ரசீது கேளுங்க. க்ரீம் போட்டு சிறுநீர் நுரைச்சா, மருத்துவர்கிட்ட டப்பாவையும் எடுத்துட்டுப் போங்க.

ஒவ்வொரு கிளையும் தன் பகுதியில விக்கிற பேர் இல்லாத டப்பாக்களைப் படம் எடுத்து, கடை விவரத்தோட மாவட்ட அலுவலகத்துக்கு அனுப்பிடுங்க. வர்ற திங்கட்கிழமை மக்கள் குறைதீர் கூட்டத்துல ஆட்சியர்கிட்ட மனு கொடுக்குறோம். காலையில பத்து மணிக்கு ஆட்சியர் அலுவலக வாசல்ல இருங்க, டப்பா கையில இருக்குறவங்க அதையும் கொண்டு வாங்க.