கத்தி கைக்கு வந்த வழி

 

16 வயது நிறைந்த சிறுவன் கொலை போன்ற கொடுங்குற்றம் புரிந்தால், வயது வந்தவனைப் போன்றே விசாரிக்க 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் இடமளிக்கிறது. அது குற்றத்திற்குப் பின் வருவது. அதற்கு முன் கத்தி அவன் கைக்கு வந்தது எப்படி?

போதை, சினிமா என்கிறோம், பொய்யன்று. ஆனால் படிப்பை விட்டு, தந்தை வளைகுடாவிலிருக்கத் தெருவில் நிற்பவனை, "சாப்பிட்டாயா?" என்று முதலில் கேட்டவன் ஒரு ரவுடி. நாமோ அவனைக் கடைசி ஸஃப்பிற்கு விரட்டினோம்.

விபச்சாரத்திற்கு அனுமதி கேட்ட வாலிபரைத் தோழர்கள் அதட்டினர். நபி (ஸல்) அவர்களோ அருகில் அமரவைத்து, "உம் தாய்க்கு இதை விரும்புவீரா?" என வினவி, அவர்மீது கைவைத்து துஆச் செய்தார்கள். முஸ்னத் அஹ்மதில் உள்ள ஹதீஸ் இது.

மக்தப் பதிவேட்டில் இடையில் நின்ற பிள்ளைகளின் பெயர்கள் இருக்கின்றன. வரும் வெள்ளி அஸருக்குப் பின் அவ்வீடுகளுக்குச் செல்கிறோம். நிர்வாகிகளில் இருவர் உடன் வரவேண்டும்.