கணினி கண் திறவாத வேளை
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



இலக்கியம் முழங்கும் இம்மேடையில் இயந்திரம் பற்றிப் பேச வந்துள்ளோம், பொறுத்தருள்க. நாம் பொறிநூல் கற்றவர் அல்லோம். பட்டறிவு கொண்டே பேசுகின்றோம்.

சென்ற கோடையில் ஒரு நாட்காலை எம் இல்லத்துக் கணினி எழ மறுத்தது. விசிறி சுழன்றது, திரையோ இருண்டு கிடந்தது. மறைந்த எம் அன்னையாரின் குரற்பதிவு அதனுள்தான் இருந்தது, வேறெங்கும் படியில்லை. கடைக்காரர் ஒருவரிடம் கொண்டு சென்றோம். திறந்தும் பாராமல், "விண்டோஸைப் புதிதாக ஏற்றிவிடலாம்; பழையவை எல்லாம் அழிந்துவிடும்" என்றார். கணினியைச் சுமந்துகொண்டு வீடு திரும்பினோம்.

வண்டி நின்றால், எஞ்சினைப் பழிக்குமுன் கைகாட்டியைப் பார்ப்பதன்றோ நம் இருப்புப்பாதை வழக்கம்? அம்முறையே இங்கும் வேண்டும்.

முதலாவது மின்சாரம். விளக்கும் எரியாது, விசிறியும் சுழலாது எனில், பிளக்கை வேறொரு துளையில் செருகிப் பார்க்க வேண்டும். பெட்டியின் பின்புறச் சுவிட்சையும் நோக்குக. எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் ஒருபோதும் திறவாதீர்; பிளக்கைப் பிடுங்கிய பின்னும் அதனுள் மின்சாரம் தேங்கி நிற்கும்.

இரண்டாவது, விசிறி சுழன்றும் திரை ஒளிராமை. திரையின் கேபிளை இறுகச் செருகுக. பின்னர் மின் தொடர்பை அறவே நீக்கி, உள்ளிருக்கும் ராம் பலகையைக் கழற்றித் தூசி நீக்கி, 'கிளிக்' என்னும் ஒலி எழும்வரை மீண்டும் அழுத்திப் பொருத்துக.

மூன்றாவது, வட்டு காணவில்லை என்று திரை அறிவித்தல். செருகி மறந்த பென் டிரைவ் இருப்பின் அகற்றுக. வட்டின் கேபிளைச் சரிபார்க்க. நாளும் மணியும் பிறழ்ந்திருந்தால் சி.ஆர். 2032 என்னும் 3 வோல்ட் பொத்தான் பேட்டரி தளர்ந்திருக்கலாம். வட்டு 'டக் டக்' என ஒலித்தாலோ, உடனே நிறுத்தி, தரவு மீட்கும் வல்லுநரை நாடுக. மீண்டும் மீண்டும் இயக்கினால் உள்ளதும் போகும்.

நான்காவது, விண்டோஸ் சின்னம் தோன்றி அங்கேயே நின்றுவிடுதல். தொடக்கம் சிலமுறை அடுத்தடுத்துத் தவறினால் விண்டோஸ் 10, 11 இரண்டும் பழுது நீக்கும் பக்கத்தைத் தாமே காட்டும். அதில் 'ஸ்டார்ட்அப் ரிப்பேர்', 'சேஃப் மோடு' ஆகியவற்றை முதலில் முயல்க. அழித்து ஏற்றுவது கடைசி வழியே. அதற்கு முன்னர், வேறு கணினியில் லைனக்ஸ் பென் டிரைவ் ஒன்று ஆயத்தம் செய்து, அதன் வழியே இயக்கிக் கோப்புகளைப் படியெடுத்துவிடலாம். வட்டு பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருப்பின் 48 இலக்க மீட்புத் திறவுகோல் வேண்டும். அதை இன்றே எழுதி வைப்பீர்.

எம் கணினி இரண்டாம் படியிலேயே கண் திறந்தது. கோடைப் புழுதிதான் குற்றவாளி! அன்று மாலை, "சாப்பிட்டீர்களா?" என்று அன்னையார் கேட்கும் குரலை வீடே கூடி மீண்டும் கேட்டது. அன்றிரவே இரு படிகள் எடுத்தோம்; ஒன்று எம் பெட்டியில், மற்றொன்று ஊரில் தமக்கையார் இல்லத்தில்.

அன்பர்களே! கணினியைக் காசு கொடுத்து மறுபடி வாங்கலாம்; அக்குரலை எந்தக் கடையில் வாங்குவது? இவ்விழா முடிந்து இல்லம் ஏகியதும் ஒரு படி எடுத்து வைப்பீராக. வாழ்க தமிழ்!