சதுரங்கக் கணனியின் புள்ளியும் மனிதரின் பலமும்



சதுரங்கம் பயிலும் மாணவர் பலருக்கு இக்காலத்தில் முதலில் வாய்க்கும் எதிரி மனிதன் அல்லன். கைத்தொலைபேசியிலோ மேசைக் கணனியிலோ இயங்கும் ஒரு மென்பொருளே அவர்களுக்கு எதிரே அமர்கின்றது. எவ்வளவு பலமுள்ள எதிரி வேண்டும் என்று அது கேட்கும். மாணவர் 1500 என்ற இலக்கத்தைத் தெரிந்தெடுத்து ஆடுவார். வென்றுவிட்டால், 1500 தரப்புள்ளியுடைய ஆட்டக்காரருக்குத் தாமும் நிகர் என்று எண்ணிக்கொள்வார். அந்த எண்ணத்தோடு ஒரு சுற்றுப்போட்டிக்குச் சென்று, அதே 1500 புள்ளியுடைய மனிதர் ஒருவரின் முன் அமரும்போது ஆட்டம் வேறுவிதமாக முடிவதும் உண்டு. தோற்ற மாணவர் தம் திறமையையே ஐயுறத் தொடங்குகின்றார். சிலர் பலகையை மடித்து வைத்துவிடுவதும் உண்டு. அவர் ஐயுற வேண்டியது தம்மையா, அல்லது அந்த இலக்கத்தையா என்பதே இன்றைய என் பேச்சின் பொருள்.

இத்தரப்புள்ளி முறையை வகுத்தவர் ஆர்பாட் ஈலோ என்பவர். ஹங்கேரியிற் பிறந்து, ஐக்கிய அமெரிக்காவின் மில்வோக்கி நகரிலுள்ள மார்க்கெட் பல்கலைக்கழகத்திற் பௌதிகம் கற்பித்த பேராசிரியர். அவர் முறையை அமெரிக்கச் சதுரங்கச் சம்மேளனம் 1960ஆம் ஆண்டிலும், சர்வதேசச் சம்மேளனம் 1970ஆம் ஆண்டிலும் ஏற்றுக்கொண்டன. பௌதிக ஆசிரியர் வகுத்ததாயினும், இப்புள்ளி நிறுத்தலளவை போன்றதன்று. ஒரு கிலோ அரிசி எந்தத் தராசிலும் ஒரு கிலோதான். ஈலோவின் கணக்கிலோ, இருவருக்கிடையேயுள்ள வேறுபாடு ஒன்றே பொருளுடையது. வெற்றிக்கு ஒன்று, சமநிலைக்கு அரை என்று வைத்துக்கொண்டால், 200 புள்ளி கூடியவர் நூறு ஆட்டங்களில் ஏறத்தாழ 76 பெறுவார். 400 புள்ளி கூடியவர் 91 பெறுவார். எல்லோருடைய புள்ளியோடும் ஆயிரத்தைக் கூட்டிவிட்டாலும் இந்தக் கணக்கு ஓர் அணுவும் மாறாது. ஆகவே ஓர் இலக்கத்தைக் கேட்டவுடன், அது எந்தக் கூட்டத்தாருடன் ஆடிப் பெற்ற புள்ளி என்றும் கேட்டறிதல் வேண்டும்.

இதற்குக் கண்கண்ட சான்று ஒன்றுண்டு. 2024ஆம் ஆண்டு மார்ச் முதலாந் திகதி சர்வதேசச் சம்மேளனம் 2000க்குக் குறைந்த புள்ளிகள் அனைத்தையும் ஒரேயடியாக உயர்த்தியது. 2000க்கும் ஒருவருடைய புள்ளிக்கும் இடையிலுள்ள வேறுபாட்டில் பத்தில் நான்கு பங்கு அவருக்குக் கூட்டப்பட்டது. 1000 புள்ளியோடு உறங்கச் சென்றவர் 1400 புள்ளியோடு விழித்தெழுந்தார். 1600 உடையவர் 1760 ஆனார். அவர்களுள் எவரும் அன்றிரவு ஒரு புதிய நகர்வைக் கற்றுக்கொண்டாரல்லர். அதற்கு முன் வெளிவந்த மென்பொருள்களுள் எழுதப்பட்டிருந்த 1400 மட்டும் பழைய 1400 ஆகவே நின்றது.

தொடக்கத்தில் இயந்திரங்களும் தம் புள்ளியை மனிதரிடமிருந்தே ஈட்டின. மசாசுசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தில் ரிச்சர்ட் கிறீன்பிளாற் ஆக்கிய மக் ஹக் என்னும் மென்பொருள், 1967ஆம் ஆண்டில் மனிதரின் சுற்றுப்போட்டிகளில் ஏனையோரைப் போலவே பங்குபற்றிப் புள்ளி பெற்றது. 1983இல், பெல் ஆய்வுகூடத்தில் உருவாகி ஏறக்குறைய அதன் பெயரையே தாங்கிய இயந்திரமொன்று 2250 புள்ளி எய்தி மாஸ்ரர் பட்டமும் பெற்றது. 1997இல் நியூயோர்க்கில் டீப் புளூ கஸ்பரோவை மூன்றரைக்கு இரண்டரை என்று வென்றதை நேயர்கள் அறிவர். 2009இல் புவனஸ் அயர்ஸ் நகரில், ஒரு கைத்தொலைபேசியில் இயங்கிய பொக்கெற் பிரிட்ஸ் மென்பொருள் பத்து ஆட்டங்களில் ஒன்பதை வென்று ஒன்றைச் சமநிலையாக்கியது. அப்போட்டியளவில் அதன் ஆட்டத்துக்குரிய புள்ளி 2898. இவையெல்லாம் மனிதரோடு மோதி அளந்த அளவைகள், நம்பத்தக்கவை.

ஆனால் 2006இல் பொன் நகரில் அப்போதைய உலக வெற்றிவீரர் கிராம்னிக் டீப் பிரிட்ஸ் மென்பொருளிடம் நாலுக்கு இரண்டு என்று தோற்ற பின்னர், பெயர்பெற்ற வீரர்கள் கணனியோடு சமநிலையில் மோதுவது அநேகமாக நின்றுபோயிற்று. தோல்வி நிச்சயமான போட்டியை எவர் விரும்புவார்? அதனாற் பொறிகள் பொறிகளோடேயே ஆடிப் புள்ளி பெறுவது வழக்கமாயிற்று. ஒரே வகையான இரு பொறிகளுள் சற்றே ஆழமாகக் காண்பது மற்றையதை மீண்டும் மீண்டும் வெல்லும். ஏனெனில், மற்றையது காண்பதையெல்லாம் கண்டு, அதற்கு அப்பாலும் சிறிது காண்கின்றது. இதனாற் புள்ளிகளின் இடைவெளி விரிகின்றது. மனிதருக்கெதிரே அந்தச் சிறு மேம்பாடு அவ்வளவு பயன் தருவதில்லை. சுவீடன் நாட்டுக் கணனிச் சதுரங்கச் சங்கத்தார் 1987 முதல் 1991 வரை மனிதரோடு நடந்த ஆட்டங்களைக் கொண்டு தம் பட்டியலை நிலைநிறுத்தியிருந்தனர். அவர்களே 2000ஆம் ஆண்டில் எல்லாப் பொறிகளின் புள்ளியையும் நூறு குறைத்தார்கள். இன்று 3600 என்று ஒரு மென்பொருளைப் பற்றிக் கேள்விப்படுகின்றோம். மக்னஸ் கார்ல்சன் 2014இல் எட்டிய 2882ஐ அதனோடு ஒப்பிட்டால், அவர் நூறு ஆட்டங்களில் இரண்டு புள்ளி கூடப் பெறமாட்டார் என்று கணக்குச் சொல்லும். ஆடிப் பார்த்தவர் இல்லை.

உச்சியில் இருப்பதைப் பற்றிச் சாதாரண ஆட்டக்காரருக்குக் கவலை இல்லை. அவருக்கு வேண்டியது பலம் குறைக்கப்பட்ட பொறி. இங்கேதான் சிக்கல் மிகுதி. ஸ்டொக்பிஷ் என்னும் புகழ்பெற்ற மென்பொருளை எடுத்துக்கொள்வோம். 2023இல் வெளிவந்த அதன் பதினாறாம் பதிப்பில், 1320 முதல் 3190 வரை விரும்பிய புள்ளியைக் குறித்துக்கொள்ளலாம். அந்த இலக்கங்கள் எவ்வாறு பெறப்பட்டன என்பதை ஆக்கியோரே மறைக்காமற் கூறுகின்றனர். ஆட்டமொன்றுக்கு இரண்டு நிமிடமும் நகர்வொன்றுக்கு ஒரு விநாடியுமாக விரைவாக ஆடவைத்து, பொறிகளின் பட்டியலொன்றைச் சார்ந்து அமைத்த அளவை அது. ஒன்றரை மணி நேரம் சிந்தித்து ஆடும் சுற்றுப்போட்டியின் 1500க்கும் இதற்கும் உறவு மிகத் தொலைவானது.

அளவையின் குற்றத்தைத் திருத்திவிட்டாலும், பலவீனத்தின் தன்மை வேறுபட்டே நிற்கும். பொறியின் பலத்தைக் குறைப்பதற்கு, அது முன்னோக்கிப் பார்க்கும் ஆழத்தைச் சுருக்குவர்; பின்னர், கண்டெடுத்த நல்ல நகர்வுகள் சிலவற்றுள் தாழ்ந்ததொன்றை இடையிடையே குருட்டுவாக்கில் தெரியச் செய்வர். 1400 புள்ளி மனிதர் பிழைவிடுவதற்குக் காரணம் இருக்கும். குதிரை இரு காய்களை ஒருங்கே தாக்குவதைக் காணத் தவறுவார். ஒரு காலாளுக்கு ஆசைப்பட்டு அரசனை வெளியில் விடுவார். நேரம் குறையக் கை நடுங்குவார். பலம் குறைத்த பொறியோ, பதினைந்து நகர்வுகள் குற்றமின்றி ஆடிவிட்டு, தருமம் செய்வது போல ஒரு காயைச் சும்மா கொடுத்துவிடும். இதனோடு ஆடப் பழகியவர் தாக்குதலைத் தொடுக்கக் கற்பதில்லை. பொறுமையாய் இருந்து கொடையை ஏற்கவே கற்கின்றார். அவருக்கு இப்பொறி 1300 போலத் தோன்றும். துணிந்து பாயும் இயல்புடைய இன்னொருவரின் தாக்குதல்களையெல்லாம் அதே பொறி பிழையின்றி முறியடிக்கக்கூடும். அவருக்கு அது 1700 போலத் தோன்றும். ஒரே இலக்கம் இருவருக்கு இருவேறு எதிரியாகிவிடுகின்றது.

மனிதரைப் போலப் பிழைவிடும் பொறியை ஆக்கும் முயற்சியும் நடந்தது. ரொறன்ரோ, கோர்னெல் பல்கலைக்கழகங்களையும் மைக்ரோசொப்ற் ஆராய்ச்சிப் பகுதியையும் சேர்ந்தோர் 2020இல் மையா என்னும் மென்பொருளை வெளியிட்டனர். லிசெஸ் தளத்தில் 1100 முதல் 1900 வரை புள்ளியுடையோர் ஆடிய ஆட்டங்களைக் கொண்டு பயிற்றப்பட்ட அது, அந்தத் தரத்து மனிதர் ஆடிய நகர்வை ஏறத்தாழப் பாதித் தடவை சரியாகவே ஊகித்தது. ஆயினும் ஒரு விந்தை. 1100 புள்ளியாரின் ஆட்டத்தையே கற்ற மையா, அந்தத் தளத்தில் ஆடவிட்டபோது 1100ஐ வெகுவாகத் தாண்டிய புள்ளியைப் பெற்றது. காரணம் எளிது. பலர் சேர்ந்து வாக்களித்தாற் போல, பெரும்பான்மையோர் தெரியும் நகர்வையே அது தெரிகின்றது. ஒவ்வொருவரும் தத்தமக்கே உரிய முறையில் விடும் பெரும் பிழைகள் அந்த வாக்கெடுப்பில் உதிர்ந்துபோகின்றன.

எனவே மாணவர் பொறியோடு ஆடட்டும். அதன் இலக்கத்தைத் தம் புள்ளியாகக் கொள்ளாதிருக்கட்டும். அதே பொறியோடு, அதே நேர அளவில், பல மாதங்கள் ஆடிக் குறித்து வைத்தால், முன்னேறியுள்ளாரா என்பதை அது உண்மையாகவே காட்டும். தம் தரம் எதுவென அறிய விரும்புவோருக்கு, புள்ளி பதியப்படும் சுற்றுப்போட்டிகளில் மனிதரோடு ஆடும் இருபது முப்பது ஆட்டங்களே போதும்.