இரத்தம் உறையவும் வேண்டும், உறையாமல் ஓடவும் வேண்டும்

(புதிதாக வந்தவர்களுக்கான தகவல் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வழக்கு, வீடு, காசு பற்றித்தான் இங்கே வழமையாகக் கதைக்கிறோம். இன்றைக்கு இரத்தத்தைப் பற்றிக் கதைக்கப் போகிறேன். உங்களில் சிலர் ஊரிலிருந்து வார்பரின் குளிசையோடு இங்கிலாந்துக்கு வந்திருக்கிறீர்கள். வேறு சிலர் கால் வீங்கியும் வைத்தியரிடம் போகாமல் அறைக்குள்ளேயே இருக்கிறீர்கள். இரண்டு பேருக்கும் இது உயிர் விசயம். நான் முந்தி ஆசிரியராக இருந்த ஆள். அதனால் கொஞ்சம் வகுப்பு மாதிரித்தான் இருக்கும்.

காய்கறி வெட்டும்போது விரல் வெட்டுப்பட்டால் கொஞ்ச நேரத்தில் இரத்தம் நின்றுவிடுகிறது. முதலில் குருதிச் சிறுதட்டுக்கள் ஓடிவந்து ஓட்டையில் ஒட்டிக்கொள்ளும். பிறகு, பெரும்பாலும் ஈரலில் உண்டாகிற உறைதற் காரணிகள் ஒன்றை ஒன்று தட்டி எழுப்பும். கடைசியில் துரோம்பின் என்ற பொருள் உண்டாகி, இரத்தத்தில் கரைந்திருக்கும் பைபிரினோஜனைப் பைபிரின் நூலாக மாற்றும். அந்த நூல் வலைதான் கட்டியை இறுக்கிப் பிடிக்கிறது.

ஆனால் விரலில் தொடங்கிய உறைதல் உடம்பு முழுக்கப் பரவக்கூடாது. அதற்குப் பிரேக் இருக்கிறது. அன்டித்துரோம்பின், புரோட்டீன் சி, புரோட்டீன் எஸ் என்பவைதான் அந்தப் பிரேக்குகள். காயம் ஆறும்போது பிளாஸ்மின் என்ற நொதியம் வந்து பைபிரின் வலையைத் துண்டு துண்டாக வெட்டிக் கரைத்துவிடும். கட்டுவதும் கரைப்பதும் எந்த நேரமும் சமநிலையில் நடக்க வேண்டும். கரைப்பது கூடினால் இரத்தப்பெருக்கு. கட்டுவது கூடினால் நாளத்துக்குள் கட்டி.

இதைப் பரிசோதிப்பது உங்களுக்குப் புதிது இல்லை. கண்ணாடி விரியன் கடித்தவரை ஊர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் என்ன செய்வார்கள்? கொஞ்ச இரத்தத்தைச் சுத்தமான கண்ணாடிக் குழாயில் எடுத்து, 20 நிமிடம் அசைக்காமல் வைத்துப் பிறகு சரித்துப் பார்ப்பார்கள். தண்ணியாக ஓடினால், விசம் உறைதற் காரணிகளைத் தின்று முடித்துவிட்டது என்று விளங்கும். இங்கே செய்வதும் அதே கேள்விதான், கருவிதான் வேறு.

முதலாவது, டி-டைமர் பரிசோதனை. பிளாஸ்மின் வெட்டிய துண்டுகளில் ஒன்றுதான் டி-டைமர். அது இரத்தத்தில் கூடியிருந்தால் எங்கேயோ கட்டி உண்டாகிக் கரைகிறது என்று அர்த்தம். ஆனால் காய்ச்சல், காயம், சத்திரசிகிச்சை, கர்ப்பம், வயது எல்லாவற்றாலும் அது கூடும். எனவே கூடியிருக்கிறது என்று சொன்னவுடன் பயப்பட வேண்டாம். காலை ஸ்கான் செய்து பார்த்துத்தான் முடிவு சொல்வார்கள். உங்கள் அறிகுறிகளைப் பார்த்து ஆபத்துக் குறைவு என்று வைத்தியர் கணித்து, டி-டைமரும் குறைவாக இருந்தால், கட்டி இல்லை என்று பெரும்பாலும் நம்பலாம்.

இரண்டாவது, ஐ.என்.ஆர். வார்பரின் போடுகிறவர்களுக்கு இது. சில உறைதற் காரணிகளைச் செய்ய ஈரலுக்கு விற்றமின் கே வேண்டும். வார்பரின் அதைத் தடுக்கிறது. இரத்தம் உறைய எத்தனை செக்கன் எடுக்கிறது என்று அளந்து அதை ஓர் எண்ணாக மாற்றுவார்கள். மருந்து போடாதவருக்கு அது ஏறக்குறைய 1. காலில் கட்டி வந்தவருக்கு வழமையாக 2க்கும் 3க்கும் இடையில் வைத்திருப்பார்கள். செயற்கை இருதய வால்வு வைத்தவருக்குச் சிலவேளை இன்னும் கூட. உலக சுகாதார நிறுவனம் 1980களில் இந்த முறையைக் கொண்டுவந்தது, ஆய்வுகூடத்துக்கு ஆய்வுகூடம் எண் மாறாமல் இருக்கத்தான். ஆகவே யாழ்ப்பாணத்தில் எழுதித் தந்த ஐ.என்.ஆர் எண் இங்குள்ள வைத்தியருக்கும் விளங்கும். பழைய கிளினிக் கொப்பியை எறிந்துபோடாதீங்கோ.

அபிக்சபான், ரிவரொக்சபான் போன்ற புதிய குளிசைகளுக்கு ஐ.என்.ஆர் பார்ப்பதில்லை. ஆனால் செயற்கை உலோக வால்வு உள்ளவர்களுக்கு அவை சரிவராது. பக்கத்து அறைக்காரர் போடுகிறார் என்று நீங்களும் மாற்றிப் போடக்கூடாது.

இப்போது முக்கியமான இடம். எங்களிடம் வந்த ஒரு ஐயா வால்வு மாற்றியவர். அவரைத் திடீரென்று வேறு நகரத்துக்கு மாற்றினார்கள். பழைய கிளினிக் அழைத்த கடிதம் பழைய விலாசத்துக்கே போய்க்கொண்டிருந்தது. ஆறு கிழமை இரத்தம் பார்க்கவில்லை. முரசால் இரத்தம் வந்தும், பிரஷ் கூராக்கும் என்று நினைத்திருந்தார். பார்த்தபோது ஐ.என்.ஆர் 8க்கு மேலே. நல்லவேளை தப்பினார். இடம் மாறுவது உங்கள் கையில் இல்லை, ஆனால் கீழே சொல்வது உங்கள் கையில் இருக்கிறது.

இடம் மாற்றுகிறார்கள் என்று தெரிந்த உடனே வார்பரின் கிளினிக்குக்குச் சொல்லுங்கோ. போன இடத்தில் முதல் கிழமையிலேயே ஜி.பி.யிடம் பதியுங்கோ. பதிவதற்கு விசாவோ விலாச அத்தாட்சியோ கட்டாயம் இல்லை. வரவேற்பில் இல்லையென்று சொன்னால் எங்களுக்குப் போன் பண்ணுங்கோ. அடைக்கலக் கோரிக்கை பரிசீலனையில் இருப்பவர்களுக்கு ஆஸ்பத்திரிச் சிகிச்சையும் இலவசம். மருந்துக்கு எச்.சி.2 அத்தாட்சிப் பத்திரத்தைக் காட்டுங்கோ. தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கோ, அதற்கும் காசு இல்லை. பிள்ளையைக் கொண்டு மொழிபெயர்ப்பிக்க வேண்டாம்.

குளிசையின் நிறத்தைச் சொல்லாமல் மில்லிகிராமைச் சொல்லுங்கோ. நாட்டுக்கு நாடு நிறம் மாறலாம். ஒரு நாள் மறந்தால் மறுநாள் இரண்டாகப் போடாதீங்கோ. கீரை, முருங்கையிலை, வல்லாரை சாப்பிடலாம். ஒரு கிழமை நிறைய, மறு கிழமை ஒன்றுமில்லை என்றுதான் இருக்கக்கூடாது, ஏனென்றால் அவற்றில் விற்றமின் கே உண்டு. தலையிடி, கால் நோவுக்கு அஸ்பிரின், ஐபுபுரோபன் தானாக வாங்கிப் போடாதீங்கோ. நாட்டு மருந்து குடித்தாலும் வைத்தியரிடம் சொல்லுங்கோ. கர்ப்பம் என்று தெரிந்தால் அன்றைக்கே சொல்லுங்கோ, வார்பரின் வயிற்றுப் பிள்ளையைப் பாதிக்கும். ஆனால் நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

மருந்து ஒன்றும் போடாதவர்களுக்கும் ஒரு சொல். நீண்ட பயணம், நாள் முழுக்க அசையாமல் கிடத்தல், சத்திரசிகிச்சை, கர்ப்பம், பிள்ளைப்பேற்றுக்குப் பிந்திய ஆறு கிழமை, இவையெல்லாம் கட்டி வரக்கூடிய காலங்கள். ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்காலில் நோவும் சூடும் இருந்தால் எண்ணெய் பூசி உருவ வேண்டாம். அன்றைக்கே ஜி.பி.யையோ 111ஐயோ அழையுங்கோ. திடீரென்று மூச்சு முட்டினால், நெஞ்சு நொந்தால், இருமலில் இரத்தம் வந்தால் 999. வார்பரின் போடுகிறவருக்குத் தலையில் அடிபட்டால், நோவு இல்லாவிட்டாலும் உடனே ஆஸ்பத்திரி.

இந்த இரத்தப் பரிசோதனை உங்கள் வழக்குக்காக எடுப்பது அல்ல, உங்கள் உயிருக்காக எடுப்பது. பயந்து ஒளிக்க வேண்டாம்.

விளங்காததை இப்போதே கேளுங்கோ. எல்லாருக்கும் முன்னால் கேட்க வெட்கமாக இருந்தால் தேத்தண்ணி நேரத்தில் வந்து கேளுங்கோ. குளிசைப் பெட்டியையும் கொப்பியையும் கொண்டுவந்தால் இருந்து சேர்ந்து பார்க்கலாம்.