கடலுக்கா, கழனிக்கா?

(இலுப்பைக்கடவையில் ஆற்றிய உரை)



இவ்வூருக்கு மேற்கே கடல், கிழக்கே வயல். உழைக்கும் கைகளை இவ்விரண்டுக்கும் எவ்வாறு பங்கிடுவது என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள்.

“தலைக்கு எங்கே அதிகம் கிடைக்கிறதோ, அங்கே ஆளை அனுப்பு” என்பார்கள். கேட்பதற்கு நியாயமாகவே தோன்றும். கணக்கோ வேறு சொல்கிறது.

ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். கரையில் பத்துப் பேர் வலை இழுக்கின்றனர். வருவாய் 30,000 ரூபா, தலைக்கு 3,000. வயலில் பத்துப் பேர், வருவாய் 20,000, தலைக்கு 2,000. பதினோராமவர் வருகிறார். எங்கே செல்வார்? கரைக்கே செல்வார். ஆனால் அதே வலை, அதே கடல்! மொத்த வருவாய் 31,000 ஆகிறது. அவர் பெறும் பங்கு 2,818. அவரால் கூடியதோ 1,000 மட்டுமே. மிகுதி, முன்னிருந்த பத்துப் பேரின் பங்கிலிருந்து போனது. வயலுக்குச் சென்றிருந்தால் அவரால் 1,800 கூடியிருக்கும் என்க. அப்படியாயின் ஊருக்கு 800 ரூபா நட்டம்.

கடைசியாகச் சேர்ந்தவர் கூட்டித் தருவதையே பொருளியலார் எல்லை உற்பத்தி என்பர். அது ஈரிடத்தும் சமமாகும்வரை ஆளை மாற்றினால், ஊரின் மொத்த வருவாய் உச்சத்தை அடையும்.

அதற்காக அவரை வயலுக்குத் துரத்தலாமா? கூடாது! வயலில் அவர் கூட்டிய 1,800 அவருக்கே சேரட்டும். வலைக்காரர் பத்துப் பேரும் தலைக்கு 110 ரூபா கொடுக்கட்டும். அவருக்கு 2,900 கிடைக்கும். வலைக்காரர் ஒவ்வொருவருக்கும் 2,890 மிஞ்சும். நெருக்கியடித்து 2,818 பெறுவதைவிட இது எல்லோருக்கும் நன்றன்றோ?

நண்பர்களே! தொழிலாளியின் விருப்பமின்றி இக்கணக்கு நிறைவேறாது. கோப்பிக் காலத்தில் தமிழகத்திலிருந்து வந்து, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளை நோக்கி நடந்த மக்களை நினையுங்கள். தோட்டங்களில் அவர்களைத் துண்டு முறை கட்டிப்போட்டது. கடன் எழுதிய துண்டு பெறாமல் தோட்டம் மாறுதல் அரிது. புதிய தோட்டம் அக்கடனைக் கட்டவேண்டும். வேறிடத்தில் தம் உழைப்புக்கு மதிப்பு மிகுந்திருந்தும் எத்தனை பேரால் போக முடிந்தது? அம்முறை 1921ஆம் ஆண்டிலேயே சட்டத்தால் ஒழிந்தது.

ஆகவே, காலபோக அறுவடைக்கு முன்னரே வலைக்காரரும் வயற்காரரும் ஒரே பாயில் அமருங்கள். “இன்னும் ஓர் ஆள் சேர்ந்தால் எவ்வளவு கூடும்?” என்று இரு தரப்பாரும் மனம்விட்டுச் சொல்லுங்கள். போகிறவரின் பங்கை முதலில் உறுதிசெய்யுங்கள். அதன்பின் ஆளை மாற்றுங்கள்.